ஒன்பது பொம்மைத் தலைகள்

2.12.2025, செவ்வாய்

ஓய்வூதியர் சங்கக் கூட்டம். பதினேழாம் தேதி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி வைக்கிறார்கள். செயலாளர் சுப்புராயன் ஒவ்வொருவராகக் கேட்டு வேடத்தை எழுதிக்கொண்டு வந்தார். அவர் தாசில்தாராக இருந்தபோது நான் அவரிடம் நில அளவை வரைவாளன். என் முறை வந்தது. “ராவணன்” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

“இன்னாது, ராவணனா? கண்ணாடில பாத்தீங்களா அய்யப்பன்? இந்த ஒடம்புக்கு காந்திதான். வேட்டி, தடி, முடிஞ்சிது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்! அதுதான் பொறுக்கவில்லை. நான்கு வருடமாக நான்தான் காந்தி. காந்தி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வழுக்கையும் ஒல்லியுமாக இருப்பவன் வேறு யாராகவும் ஆகக் கூடாதா?

3.12.2025

காந்திக்குச் சரியென்று ஏன் தலையாட்டினேன்?

5.12.2025, வெள்ளி

சுபுஹானின் பழைய சாமான் கடைக்குப் போனேன். மூடிய ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து வந்த குழந்தைப் பொம்மைகளின் தலைகள் மூட்டையாகக் கிடந்தன. ஒன்பது பொறுக்கினேன். மேசை மின்விசிறியின் கம்பிக்கூண்டு, பட்டை அறுந்த ஹெல்மெட், கல்யாண மேடையில் கழற்றிய ஜிகினாத் தோரணம், கீறல் விழுந்த சி.டி.க்கள்.

“இன்னா சார், ஒடம்பு இல்லாம தல மட்டும் போதுமா?”

“ஒம்போது போதும். பத்தாவது எங்கிட்ட இருக்கு.”

என்னையே பார்த்தவர் சிரித்துவிட்டார். “அப்ப இந்தக் கூண்ட சும்மாவே எடுத்துக்கினு போங்க.”

இவர் ஒருவர்தான் என் வழுக்கையைப் பற்றிப் பேசவில்லை.

7.12.2025, ஞாயிறு

ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் வரைபடம் போட்டேன். நடுவில் என் தலை. ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் நான்கு. ஹெல்மெட்டில் கட்டித் தலையில் மாட்டினால் சாய்கிறது. ராவண வேடம் போட்டவர்களுக்கெல்லாம் கழுத்து வலிக்கவே இல்லையா? நான்கு தலை உள்ள பக்கம் ஒரு பழைய பித்தளைப் பூட்டைக் கட்டினேன். நிமிர்ந்தது.

“இருக்கிற ஒரு வாயவே தொறக்க மாட்டீங்க. இதுல பத்து கேக்குதா?” என்றாள் என் மனைவி காசியம்மாள். சொல்லிக்கொண்டே தன் பழைய சவுரியை வெட்டி, பொம்மைகளுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

12.12.2025

பொன் நிறம் அடித்தாயிற்று. பின்னால் சி.டி.க்கள் விசிறியாக நிற்கின்றன. அகலம் நாலடி இரண்டு அங்குலம். மேடைக்கு ஏறும் வாசலை டேப் வைத்து அளந்தேன், மூன்றடிதான். பக்கவாட்டில் நுழைய வேண்டும்.

கல்வராயன் மலைக்கே படம் போட்டவன் நான். இந்த வாசலை ஏன் மூன்றாவது முறை அளக்கிறேன்? எழுபத்திரண்டு வயதில் தேவையா?

வேட்டியையும் தடியையும் எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும்.

17.12.2025, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

“அடுத்து, காந்தி வேடத்தில் அய்யப்பன்” என்று அறிவித்தார்கள். நண்டு போலப் பக்கவாட்டில் நுழைந்தேன். முன்வரிசையில் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மனப்பாடம் செய்த வசனம் ஒரு வரிகூட நினைவில்லை. சும்மா திரும்பினேன். ஒன்பது தலையும் என்னோடு திரும்பின. சி.டி. வெளிச்சம் கூரையெல்லாம் ஓடியது. யாரோ விசில் அடித்தார்கள் — நம் வயதில் விசில்! பிறகு கைதட்டல்.

கடைசியில் பரிசு. என் கையில் தந்த சான்றிதழில் “காந்தி வேடம் – ஆறுதல் பரிசு” என்று இருந்தது. நேற்றே அச்சடித்துவிட்டார்களாம். போட்டி நடக்கும் முன்பே!

“அட, வாங்கிக்கினு போங்க. பேப்பர்ல இன்னா இருக்குது?” என்றார் சுப்புராயன்.

பேப்பர்ல இன்னா இருக்குதா? ஒரு கோடு நகர்ந்தால் ஒருவன் நிலம் போய்விடும் என்று முப்பத்தெட்டு வருடம் பயந்து பயந்து கோடு போட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? இவர் கையெழுத்துப் போட்ட படங்கள்தானே எல்லாம்?

மைக் பக்கத்தில் இருந்தது. “இது என்னுது இல்லீங்க” என்றேன். மண்டபம் முழுக்கக் கேட்டது. சான்றிதழை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். படியில் ஒரு தலை கழன்று உருண்டது. நான் குனியவில்லை. காசியம்மாள் எடுத்து வந்தாள்.

18.12.2025

மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேனோ? இரண்டு முறை யோசித்தேன். இல்லை.

21.12.2025, ஞாயிறு

காலையில் சுப்புராயன் வந்தார். கையோடு கொண்டுவந்த சான்றிதழில் ‘காந்தி’யை அடித்து, மேலே பேனாவால் ‘ராவணன்’ என்று எழுதியிருந்தது. ‘ஆறுதல்’ அப்படியே இருந்தது. அது போகட்டும்.

“இப்ப திருப்தியா?”

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். “திருத்தத்துக்குப் பக்கத்துல சுருக்கொப்பம் இல்லீங்களே.”

“யோவ், இது இன்னா பட்டாவா?”

பேனாவை நீட்டினேன். வாங்கி மூடியைக் கழற்றினார். பிறகு சுருக்கொப்பமிட்டார். தேதியும் போடச் சொன்னேன். போட்டார்.

அதன் பிறகுதான் அவரை உட்காரச் சொன்னேன். காசியம்மாள் காபி கொண்டுவந்தாள்.