நாலு தசம் நாலு

ஓகஸ்ட் 10, ஞாயிறு

சரியான வெக்கை. விடிய எட்டு மணிக்கே சேலை நனைஞ்சு போச்சு.

என்ரை மனுசன்ரை தங்கச்சியின்ரை மகள் பெரியபிள்ளை ஆயிட்டாள், சாமத்தியவீடு. மோர்னிங்சைட் பக்கம் ஒரு ஹோல். நான் மாமி எண்டபடியால் ஆரத்தித் தட்டு, பலகாரம், வாற சனத்தை இருத்திறது எல்லாம் என்ரை தலையிலை. பூக்காரர் அரை மணித்தியாலம் பிந்தி. வீடியோக்காரன் பிள்ளையை நாலு தரம் நடக்கவிட்டு எடுத்தவன். பாவம், "மாமி, கேன் ஐ ஜஸ்ட் சிற்?" எண்டு கேட்டுது.

பத்தரைக்கு டக்கின்ரை மெசேஜ். எங்கடை கோடைக் கொட்டேஜ் இருக்கிற ஏரியின்ரை சங்கத் தலைவர். "வசந்தி, இண்டைய அளவு என்ன?"

ஐயோ, மறந்தே போனன்! இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வள்ளத்திலை நடு ஏரிக்குப் போகவேணும். கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயித்திலை இறக்கவேணும். எத்தினை மீற்றரிலை தட்டு கண்ணுக்குத் தெரியாமல் போகுதோ, அதுதான் தண்ணியின்ரை தெளிவு. அந்த வேலைக்கு நான்தான் ஆள். நிண்டது ஹோல் குசினியிலை, கையிலை பயத்தம் பணியாரம். ஏரி இரண்டரை மணித்தியால ஓட்டம்.

போனமுறை 4.6. அதையே திருப்பி அனுப்பினால் வடிவில்லை. 4.4 எண்டு அனுப்பினன். டக் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அலுவல் முடிஞ்சுது.

சாப்பாடு நல்லம். வடை மட்டும் வந்த சனத்துக்குக் காணாமல் போச்சு.


ஓகஸ்ட் 12, செவ்வாய்

மப்பு வானம். கால் இன்னும் வீங்கித்தான் கிடக்கு.

செய்ய: சேலை ட்ரை கிளீனிங். மச்சாளின்ரை சட்டி இரண்டும் திருப்பிக் குடுக்க. கொட்டேஜுக்கு நுளம்புத்திரி, தேயிலை.

நான் வேலை செய்யிற பாமசியிலை புதுசாய் வந்த பிள்ளை குளிசையை ஒருக்கால் எண்ணிப்போட்டுப் போத்திலுக்கை போட்டிட்டாள். நல்லாய் ஏச்சு வேண்டிக்கட்டினாள் என்னட்டை. "குளிசையிலை குத்துமதிப்பு இல்லைப் பிள்ளை. ரெண்டு தரம் எண்ணு. ஒராளின்ரை உயிர்." பெரிய பிரசங்கம். பாவம், முகம் சுருங்கிப்போச்சு.

இவர் இரவுச் சாப்பாட்டிலை பகிடி: "ஏரி மகாராணி இந்தக் கிழமை எழுந்தருளுறாவோ?" எழுந்தருளுவன். வெள்ளி பின்னேரம் வெளிக்கிடுறம்.


ஓகஸ்ட் 16, சனி

மப்பு. காத்தே இல்லை. ஏரி அசையேல்லை.

நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தது. இண்டைக்கு விடிய வள்ளத்துறைக்கு நடந்து போனன். டக் நிண்டார். தொப்பியைக் கழட்டிக் கையிலை வச்சிருந்தார். லிண்டாவின்ரை நாய் செத்துப்போச்சாம். மொலி.

வியாழன் நடந்தது. வழமைபோலத் தடியை எறிய நீந்திப்போய் எடுத்தது. தண்ணியும் குடிச்சது. ஒரு மணித்தியாலத்துக்குள்ளை சத்தி எடுத்துது, கால் நடுக்கம். டொக்டரிட்டைக் கொண்டுபோற வழியிலையே லிண்டாவின்ரை மடியிலை போயிட்டுதாம். நச்சுப்பாசி எண்டு டொக்டர் சொன்னவராம்.

லிண்டா பக்கத்துக் கொட்டேஜ். நாங்கள் மூண்டு வருசத்துக்கு முதல் இதை வேண்டேக்கை மற்றச் சனம் தூர நிண்டு கை காட்டினது. லிண்டா மட்டும் வீட்டுக்குள்ளை வந்தவ. குளிருக்கு முதல் தண்ணிக் குழாயை எப்பிடிப் பூட்டிறது எண்டு முழங்காலிலை இருந்து காட்டித் தந்தவ.

வள்ளத்துறைப் பலகையைப் பாத்தன். சோக்கட்டியாலை எழுதிக் கிடக்கு: 4.4. கீழை என்ரை பேர். அதுக்குக் கீழை பச்சை மட்டை, இன்னும் ஒருத்தரும் மாத்தேல்லை.

மூண்டு மீற்றருக்குக் குறைஞ்சால் சிவப்பு மட்டை. சிவப்பெண்டால் சோதிச்சு முடியுமட்டும் சின்னப்பிள்ளையளும் நாயளும் தண்ணியிலை இறங்கக்குடாது. டக் போட்ட சட்டம். அதுக்குத்தான் நான் அளக்கிறது. அதுக்கு மட்டும்தான்.

டக் போனாப்பிறகு வள்ளத்தை எடுத்தன். கயிறு இரண்டு தரம் சிக்குப்பட்டுது. தட்டை இறக்கினன். 1.6. திருப்பி இறக்கினன். 1.6. மூண்டாந்தரம் 1.5. என்ரை உயரம்கூட இல்லை. தண்ணி பச்சைப் பெயின்ற் கரைச்ச மாதிரிக் கிடக்கு.

ஞாயிற்றுக்கிழமையும் இப்பிடித்தான் கிடந்ததோ? ஆருக்குத் தெரியும். தெரிஞ்சிருக்க வேண்டிய ஒரே ஆள் நான்.

அதே நாள், பின்னேரம்

செத்தவீட்டுக்கு வெறுங்கையோடை போகேலாது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பால்கறி, உறைப்பில்லாமல். இவர் அடுப்படிக்கு வந்து மூடியைத் தூக்கிப் பாத்தார்.

"ஆருக்கு உது?"

"லிண்டாவுக்கு."

"நாய்க்குச் செத்தவீட்டுச் சோறோ! ஊரிலை கேட்டால் சிரிப்பாங்கள்."

நானும் சிரிச்சிருக்கக்கூடிய ஆள்தான். நாய் எண்டால் வாசலோடை எண்டு எத்தினை நாள் மொலியைக் காலாலை தள்ளியிருக்கிறன். அது போகாது. வாலை ஆட்டிக்கொண்டு காலடியிலை படுத்திடும்.

லிண்டா வீட்டுக் கராஜுக்குள்ளை வாள் ஓடுற சத்தம். லிண்டாவின்ரை மனுசன் ரொன், முதுகைக் காட்டிக்கொண்டு பலகை அறுத்துக்கொண்டு நிண்டார். திரும்பேல்லை. லிண்டா கதவைத் திறந்து சட்டியைப் பாத்தா, என்னைப் பாத்தா, அப்பிடியே கட்டிப்பிடிச்சு அழுதா.

"எல்லாரும் இன்னொரு நாய் வேண்டச் சொல்லுகினம். நீ ஒருத்திதான் வசந்தி, இதை ஒரு சாவு எண்டு நினைச்சு வந்தது."

நிலம் பிளந்து உள்ளுக்கை போகமாட்டனோ எண்டு கிடந்தது.

பிறகு இருந்து சொன்னா. போன ஞாயிறே ரொன் சொன்னவராம், தண்ணி கலங்கலாய்க் கிடக்கு, மொலியை விடாதை எண்டு. லிண்டாதான் மறுத்ததாம். "பலகையைப் போய்ப் பார், வசந்தி அளந்திருக்கிறாள் எண்டு சொன்னன். உன்ரை காரைக் காணேல்லைத்தான், விடியவே வந்து அளந்திட்டுப் போயிருப்பாய் எண்டு நினைச்சன்." இப்ப ரொன் கதைக்கிறேல்லை. கட்டி நாப்பது வருசம். இரண்டு நாளாய் ஒரு மேசையிலை இருந்து சாப்பிடேல்லை. ஒரேயொரு வசனம்தான் சொன்னவராம்: நான் சொன்னன், நீ அதைச் சாகடிச்சுப்போட்டாய்.

"கரையிலை பச்சையாய்க் கிடந்ததை நானும் கண்டனான். என்ரை கண்ணை நான் ஏன் நம்பேல்லை?" என்னைக் கேட்டா. என்னை!

அப்ப சொல்லியிருக்கவேணும். வாய்க்கு வந்தது என்னெண்டால்: "சாப்பிடுங்கோ லிண்டா, ஆறப்போகுது."

த்தூ. என்ரை நாக்கை அறுத்துப்போட வேணும்.


ஓகஸ்ட் 17, ஞாயிறு

வெய்யில். பிக்கரிங் வீட்டுக்குத் திரும்பினம். ரோட்டு நெருக்கம்.

வெளிக்கிட முதல் 1.6 எண்டு டக்குக்கு அனுப்பினன். வீட்டை வாறதுக்குள்ளை எல்லாருக்கும் டக்கின்ரை ஈமெயில். "ஆறே நாளிலை 4.4 இலையிருந்து 1.6! இதை ஒருத்தராலும் முன்கூட்டிப் பிடிச்சிருக்கேலாது. ஒரு தவணைகூடத் தவறாமல் அளந்த எங்கள் வசந்திக்கு நன்றி." என்ரை அளவுக் கொப்பியைச் சுகாதாரக் கந்தோருக்கு அனுப்பப்போறாராம். வழமையான பிரசங்கமும் கிடந்தது: இந்த நாட்டு ஏரியளெல்லாம் ஐஸ் மலை நகர்ந்து கிண்டிவிட்ட பள்ளம், எங்கடையிலை தண்ணி வந்து போற வாய் சின்னன், உள்ளுக்கை வாற ஊத்தை கெதியிலை வெளியாலை போகாது.

கொப்பியை எடுத்துப் பாத்தன்.

ஜூன் 1: உண்மை.
ஜூன் 15: மழை. போகேல்லை. பொய்.
ஜூன் 29: உண்மை.
ஜூலை 13: இவருக்குத் தடிமன், காய்ச்சல். பொய்.
ஜூலை 27: உண்மை.
ஓகஸ்ட் 10: பயத்தம் பணியாரம்.

ஆறிலை மூண்டு. பொய்யெல்லாம் உண்மையை விட வடிவான கையெழுத்திலை கிடக்கு. சீ.

இவரிட்டைச் சொன்னன். தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சுக் கோப்பையை வச்சார். பிறகு: "வாயை மூடிக்கொண்டு இரும். நாய்தானே. நீர் அளந்திருந்தாலும் செத்திருக்கும்." செத்திருக்காது. சிவப்பு மட்டை தொங்கினால் லிண்டா விட்டிருக்கமாட்டா. இவருக்கும் அது தெரியும், அதுதான் முகத்தைப் பாக்காமல் சொன்னவர்.

அபிக்குப் போன் எடுத்தன். பெத்த மகள், கொஞ்சம் ஆறுதலாய் ஏதும் சொல்லுவாள் எண்டு நினைச்சன்.

"வெயிற், அம்மா. யூ மேட் இற் அப்? உங்கட தலைக்குள்ள இருந்து?"

"ஓம்."

"அப்ப லிண்டா தான்தான் மொலியைச் சாகடிச்சது எண்டு நினைக்கிறாவா?"

"ஓம்."

"வாவ்." அவ்வளவுதான். வேலை இருக்கு எண்டு வச்சிட்டாள்.


ஓகஸ்ட் 20, புதன்

தூறல். வேலை. புதுப்பிள்ளை குளிசையை இரண்டு தரம் எண்ணிப்போட்டு என்னை நிமிர்ந்து பாக்கிறாள், சரியோ எண்டு. நான் அந்தப் பக்கம் திரும்பியிட்டன்.

லிண்டாவுக்கு அனுப்ப எழுதினது:

"லிண்டா, ஒரு சின்ன விசயம்." (சின்னனோ?)
"லிண்டா, ஞாயிறு அளவிலை ஒரு பிழை நடந்திட்டுது." (நடந்திட்டுதாம். தானாய் நடந்ததோ?)
"லிண்டா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ." (எதுக்கெண்டு சொல்லாமல் மன்னிப்பு.)

எல்லாம் அழிச்சாச்சு.

மத்தியானம் லிண்டாவே மெசேஜ் போட்டா. சட்டியைக் கழுவி வச்சிருக்கிறாவாம். தான் சாப்பிடேல்லையாம், ரொன்தான் பருப்பை முழுக்கச் சாப்பிட்டவராம், கராஜுக்குக் கொண்டுபோய் தனிய இருந்து. "அவர் சாப்பிட்டதே பெரிய விசயம். நன்றி வசந்தி." வேலைத்தலத்துக் கக்கூசுக்குள்ளை போய்க் கதவைப் பூட்டிப்போட்டு இருந்தன்.

என்ன பயம் எனக்கு? ஏரியைச் சுத்தி நாங்கள் ஒரு வீடுதான் தமிழ். இனி அங்கை வாற எங்கடை சனத்தையும் ஒரு மாதிரித்தான் பாப்பினம். முதல் கூட்டத்திலை, இந்த வேலையை ஆர் செய்யிறது எண்டு டக் கேக்க எல்லாரும் சப்பாத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவை. நான்தான் கையைத் தூக்கினன். நாங்கள் சும்மா குளிச்சுக் கும்மாளமடிச்சிட்டுப் போற ஆக்கள் இல்லை எண்டு காட்டவேணும்.

நல்லாய்த்தான் காட்டியிருக்கிறன்.

ஆனா, தமிழ் ஆக்களின்ரை பேர் கெடும் எண்டு எழுதிறதும் பொய். என்ரை பேர் கெடும். பயம் அதுக்குத்தான். ஆரும் வாசிக்காத கொப்பியிலையாவது உண்மையை எழுதுவம்.


ஓகஸ்ட் 23, சனி

காத்து. குளிரத் துவங்கியிட்டுது. பத்து மணிக்கு வந்து சேர்ந்தன். தனிய. "போறதெண்டால் நான் வரேல்லை" எண்டிட்டார் இவர். பிறகு காருக்குப் பெற்றோல் அடிச்சுக் கொண்டுவந்து வாசலிலை விட்டார்.

டக்குக்கு ஈமெயில் எழுதி வச்சிருக்கு. மூண்டு திகதியும் போட்டு. ஆனா முதல் லிண்டா.

இதைக் காருக்குள்ளை இருந்து எழுதுறன்.

லிண்டா தங்கடை டொக்கிலை, ஏரிக்குள்ளை நீட்டின பலகைத்துறையிலை, கதிரையைப் போட்டுக் கோப்பி குடிச்சுக்கொண்டு இருந்தா. கராஜிலை வாள் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டு மற்றக் கதிரையைக் காட்டினா. நான் இருக்கேல்லை. வழி முழுக்கத் தமிழிலை சொல்லிப் பழகினது பெரிய கதை. இங்கிலிஸிலை வந்தது இரண்டே வசனம்.

"பத்தாம் திகதி நான் ஏரிக்கு வரேல்லை. அந்த இலக்கம் நான் சும்மா எழுதினது."

அவவுக்கு விளங்கேல்லை. "அப்ப ஆர் அளந்தது?"

"ஒருத்தரும் இல்லை."

கோப்பியைக் கீழை வச்சா. என்னை ஏதோ தெரியாத ஆளைப் பாக்கிற மாதிரிப் பாத்தா. "ஏன் வசந்தி?"

சொந்தக்காரப் பிள்ளையின்ரை விழா எண்டன், மறந்துபோனன் எண்டன், மறந்ததைச் சொல்ல வெக்கமாய் இருந்தது எண்டன். வேறையும் இரண்டு நாள் இப்பிடிச் செய்தனான் எண்டன். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டன். அழுதால் அவ என்னைத் தேற்றவேண்டி வரும், அவ தேற்றுவா, அப்பிடிப்பட்ட மனுசி.

ஏசுவா எண்டு பாத்தன். அடிச்சாலும் வேண்டியிருப்பன். "அப்ப, நீ அளந்திருந்தால் பலகையிலை பச்சை மட்டை தொங்கியிருக்காது" எண்டு மட்டும் மெல்லமாய்ச் சொன்னா, கணக்குப் பாக்கிற மாதிரி.

"ஓம். சிவப்பாய் இருந்திருக்கும்."

எழும்பினா. கதிரை சரிஞ்சு விழுந்தது, தூக்கேல்லை. என்னைக் கடந்து படியிலை ஏறிப் போனா. கொஞ்சத்தாலை ஓடவே துவங்கியிட்டா, வீட்டுச் செருப்போடை, அறுபத்தாறு வயசிலை. கராஜ் பக்கம் போய் நிண்டு கத்தினா.

"ரொன்! அது நானில்லை. ரொன், அது நானில்லை!"

வாள் நிண்டுது. அவ திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னா. அடி தப்பின பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை குரல்.

நான் டொக்கிலேயே நிண்டன். போ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.