திங்கட்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்

எம்.ரெட்டியபட்டி
சித்திரை 18

அன்பு மகள் சுகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும். பருத்தி கடைசி எடுப்பும் முடிந்துவிட்டது, சௌந்தரம் சித்தி மதியத்துக்குச் சோறு கொடுத்து விடுகிறாள், அதனால் என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ விமானம் ஏறியதிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை, அது உன் தப்பில்லை. மூன்று தடவை போனில் சொல்லப் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அம்மாவை எடுத்த மறுநாள் சனிக்கிழமை காலையில் நீ வந்து வாசலில் நின்று, "எனக்காக ஒரு நாளு வச்சிருக்கக் கூடாதாப்பா" என்று கேட்டாய். பதினோராயிரம் கிலோமீட்டர் தூரம், யார்தான் என்ன செய்ய முடியும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டினேன்.

நடந்தது இதுதான் தாயி. திங்கட்கிழமை அம்மாவை அருப்புக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே, "பிரியாகிட்டச் சொல்லுங்க, அவ வந்து சேர எம்புட்டு நேரமாகும்" என்று கேட்டாள். ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர் பத்து மணி நேரம், அங்கிருந்து மதுரை நாலு மணி நேரம், இடையில் காத்துக் கிடப்பதையும் சேர்த்தால் ஒரு முழு நாள் என்றேன். "ஒரு நாளுதான, அதுவரைக்கும் இருப்பேன்" என்றாள். டாக்டர் நெஞ்சுச் சளிதான், சரியாகிவிடும் என்றிருந்தார். நீ பொங்கலுக்குத்தான் லீவு போட்டு வந்து போயிருந்தாய், புது வேலை வேறு. வீணாக உன்னை அலைக்கழிக்க வேண்டாம் என்று நானே முடிவு செய்து, செவ்வாயும் புதனும் நீ போன் பண்ணியபோது அம்மா தூங்குகிறாள் என்று பொய் சொன்னேன். அவளுக்கு மூச்சு வாங்குவது உனக்குக் கேட்டுவிடும் என்று போனை அவளிடம் கொடுக்கவில்லை. அவள் பக்கத்தில் முழித்துக்கொண்டுதான் கிடந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மூச்சு ரொம்பத் திணறிய பிறகுதான் உனக்குச் சொன்னேன். நீ கிளம்பிவிட்டாய் என்றதும், "வெரசா வந்துருவாளா" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்து, "அவ வாரதுக்குள்ள எதும் ஆயிருச்சுன்னா என்னைய ஐஸ் பெட்டியில போட்டு வைக்காதீக, அந்தக் குளிரு எனக்கு ஆகாது" என்றாள். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய்விட்டாள். நீ அப்போது சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தாய். ஊரில் எல்லோரும் பெட்டி எடுத்து வரலாம், பிள்ளை வந்து பார்க்கட்டும் என்றார்கள், நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் என்னிடம் கேட்டது இரண்டு, அதில் ஒன்றையாவது செய்ய வேண்டும் என்று பொழுது சாயுமுன்னே எடுத்துவிட்டோம். திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் புதன்கிழமை நீ அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாய். பழி தூரத்தின் மேல் இல்லை, என் மேல்தான். மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை, என்ன நடந்ததென்று தெரிந்துகொண்டு கோபப்படு என்றுதான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு முனீஸ்வரனிடம் உன் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி எனக்குச் சின்னக் காய்ச்சல் என்றாலும், என்னைக் கேட்காமல் அன்றைக்கே உனக்குச் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன். வருவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள். வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் நல்லா இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
இருளப்பசாமி