‘கை பலம் போதாது’ என்ற குறிப்பும் ஏழாம் எண் பேட்டரியும்

அனுப்புநர்
மு. குணசுந்தரி,
மூன்றாம் அணித் தலைவி,
புதுவழி பொருத்துநர் கூட்டுறவுச் சங்கம்,
காக்களூர் தொழிற்பேட்டை, திருவள்ளூர்.

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
புதுவழி பொருத்துநர் கூட்டுறவுச் சங்கம்,
காக்களூர் தொழிற்பேட்டை, திருவள்ளூர்.

பொருள்: பேட்டரியின் பலவீனத்தை நான்கு பெண்களின் கைக்கணக்கில் எழுதியது – குறிப்பை நீக்கவும், பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றும் உத்தரவைக் கைவிடவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் சுற்றறிக்கை எண் 4, நாள் 03.03.2025.
2. பணித்திறன் பதிவேடு, மூன்றாம் அணி, 09.06.2025 நாளிட்ட குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும் தொழிற்கூடங்களில் மின்கம்பி செல்லும் தட்டுகளைப் பொருத்தும் வேலைக்கு நம் சங்கம் மூன்று அணிகளை அனுப்பி வருவது தாங்கள் அறிந்ததே. முதல் இரண்டு அணிகள் ஆண்கள். மூன்றாம் அணியில் நான், ஜோதிலட்சுமி, ஞானம்மா, மோனிகா ஆகிய நால்வர். ஆறு ஆண்டுகளாக, அந்தத் தட்டுகளைத் தாங்கும் ஆங்கிள் எனும் இரும்புச் சட்டத்தில் துளை போடுவதே எங்கள் பிழைப்பு. பார்வை 2-இல் கண்ட பதிவேட்டில் எங்களைப் பற்றித் தாங்கள் மூன்று வாக்கியங்கள் எழுதிக் கையொப்பமிட்டுள்ளீர்கள்: “ஒரு நாளில் போடும் துளைகள் மற்ற அணிகள் போடுவதில் பாதிக்கும் குறைவு. கை பலம் போதாது. 01.07.2025 முதல் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றலாம்.”

2. இவற்றில் முதல் வாக்கியம் முற்றிலும் உண்மை. அதற்காகத் தங்களுக்கு நன்றி தெரிவிக்கிறோம். எங்கள் வழக்கு இரண்டாம் வாக்கியத்தோடு மட்டுமே. அது போனால் மூன்றாவது தானாகப் போய்விடும்.

3. சென்ற ஆண்டு செப்டம்பர் வரை மூன்று அணிகளிடமும் ஒரே வகைப் பழைய ட்ரில்தான் இருந்தது. நிக்கல்-காட்மியம் பேட்டரி, 18 வோல்ட். அந்த ஐந்து ஆண்டுப் பதிவேடுகளையும் புரட்டிப் பார்த்தேன். மூன்று அணிகளின் துளைகளும் ஏறத்தாழ சமம். சில மாதங்களில் நாங்கள் முந்தியிருக்கிறோம். செப்டம்பரில் முதல் இரண்டு அணிகளுக்கு லித்தியம் பேட்டரியுள்ள புது ட்ரில்கள் வந்தன. அதே மாதத்தில் எங்கள் நால்வரின் கைகளும் ஒரே நேரத்தில் மெலிந்துவிட்டன. இந்த அதிசயத்தை மருத்துவத் துறைக்குத் தெரியப்படுத்தாமல் பதிவேட்டோடு நிறுத்திக்கொண்டது தங்கள் அடக்கத்தைக் காட்டுகிறது.

4. எங்களுக்கு ஏன் புது ட்ரில் இல்லை என்று பண்டகக் காப்பாளர் திரு. ஆதிகேசவன் அவர்களிடம் கேட்டேன். அவர் இரக்க குணமுடையவர். அவர் சொன்னதைச் சாட்சியம் என்பதால் சொன்னபடியே தருகிறேன்: “புதுசெல்லாம் வெயிட்டும்மா. நீங்க கை வலிச்சுக்கினு உக்காந்துடுவீங்கோ. உங்களுக்கு லேசானதே இருக்கட்டும்.” இந்த அன்பை அளந்து பார்க்க விரும்பி, செவ்வாப்பேட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள காய்கறிக் கடைத் தராசில் இரண்டையும் நிறுத்தேன். பேட்டரியுடன் சேர்த்துப் புது ட்ரில் ஒரு கிலோ எழுநூறு. பெண்களுக்கான லேசான ட்ரில் இரண்டு கிலோ முந்நூற்று ஐம்பது. தராசில் கோளாறு இருக்கலாம் என்று தாங்கள் கருதினால், கடைக்காரர் லட்சுமியம்மாள் அந்தத் தராசை எந்த விசாரணைக்கும் கொண்டுவரத் தயாராக இருக்கிறார்.

5. அடுத்து தங்கள் சுற்றறிக்கை. “இரண்டு பேட்டரிகளிலும் 18 வோல்ட் என்றே அச்சிடப்பட்டுள்ளதால் இரண்டும் சமத் திறனுடையவை; அணிகள் பாகுபாடு கோரக் கூடாது” என்று அதில் தீர்ப்பளித்துள்ளீர்கள். ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் படிப்பு முடித்த மோனிகா இதைப் படித்துவிட்டு எங்களுக்கு இப்படி விளக்கினார். வோல்ட் என்பது தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. தொட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை ஆம்பியர்-மணி என்ற இன்னொரு எண் சொல்கிறது. அதே பேட்டரியின் அடிப்பக்கத்தில் அதுவும் அச்சிடப்பட்டுள்ளது. புதியதில் 4. எங்களுடையதில் 1.3. அதுவும் அது பிறந்தபோது இருந்த கணக்கு. பேட்டரியைத் திருப்பிப் பார்க்கும் அளவுக்குத் தங்களுக்கு நேரம் இருந்திருக்காது என்பதை உணர்கிறோம்.

6. அதே சுற்றறிக்கையின் இரண்டாம் பத்தி, தேநீர் இடைவேளை, உணவு இடைவேளை தோறும் எல்லாப் பேட்டரிகளும் சார்ஜரில் இருக்க வேண்டும் என்கிறது. லித்தியத்துக்கு அதனால் பாதகமில்லை. அரைகுறையாக ஏற்றினாலும் அது கோபித்துக்கொள்ளாது. நிக்கல்-காட்மியம் வேறு சுபாவம். வேகம் குறையும் வரை உழைக்கவிட்டு, பிறகு முழுதாக ஏற்ற வேண்டும். எப்போதும் கொஞ்சம் செலவழித்ததும் ஏற்றிக்கொண்டே இருந்தால், தன்னால் முடிவது அவ்வளவுதான் என்று பழகிப்போய்ப் பாதியிலேயே தளர்ந்துவிடும். சார்ஜர் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் காகிதத்திலும் இது இருக்கிறது. சுற்றறிக்கையை மீறினால் விளக்கம் கேட்பீர்கள் என்பதால், நாங்கள் ஒரு நாளைக்கு மூன்று முறை வீதம் மூன்று மாதங்களாக அந்தப் பேட்டரிகளை ஒழுங்காகக் கெடுத்து வந்தோம். கீழ்ப்படிதலுக்கு மதிப்பெண் உண்டென்றால் எங்கள் அணிதான் முதலிடம்.

7. ஒரு பொருளைக் குறை மட்டும் சொல்வது நியாயமல்ல. நிக்கல்-காட்மியம் முரட்டுத்தனமாக நடத்தினாலும் தாங்கும். கடுங்குளிரில் லித்தியத்தைவிட நன்றாக உழைக்குமாம். கும்மிடிப்பூண்டியில் பனி உறையத் தொடங்கும் அன்று அந்தப் பேட்டரிகளை நாங்களே முன்வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

8. எங்கள் தரப்பில் நடந்த ஒரு தவற்றையும் மறைக்க விரும்பவில்லை. சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று சங்கத்தின் எல்லா ட்ரில்களுக்கும் பொட்டு வைத்தவள் நான். ஆர்வ மிகுதியில் பேட்டரிகளைக் கழற்றி, மின்சாரம் பாயும் செப்பு முனைகளிலும் சந்தனம் குழைத்துப் பூசிவிட்டேன். பூஜை முடிந்து வேலைக்கு வந்ததும் ஆண்கள் அணிகளின் ட்ரில்கள் ஓடவில்லை. உடனே கண்டுபிடித்துத் துடைத்துவிட்டார்கள். எங்களுடையவை இரண்டு நாட்கள் சந்தனத்தோடே இருந்தன. வழக்கத்துக்கும் அதற்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதைத் திரு. ஆதிகேசவன் “கருவியைத் தவறாகக் கையாண்டது” என்று எழுதி வைத்திருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நாள் பழைய பல் தேய்க்கும் பிரஷால் எல்லா முனைகளையும் சுத்தம் செய்தேன். முனைகள் பளிச்சென்றுதான் இருக்கின்றன, தாங்கள் பார்க்கலாம்.

9. ஐயா, இந்தப் பத்தியை மட்டும் நேராக எழுதுகிறேன். அந்தக் குறிப்பைப் படித்த அன்று மாலை, செவ்வாப்பேட்டையில் இறங்க வேண்டிய நான் ரயிலில் ஆவடி வரை போய்விட்டேன். எனக்குக் கோபம். ஆனால் ஜோதிலட்சுமிக்குக் கோபம் வரவில்லை. அவர் அதை நம்பிவிட்டார். வீட்டில் தண்ணீர்க் குடத்தை ஒற்றைக் கையால் நூறு முறை தூக்கிப் பழகத் தொடங்கினார், கை தேறட்டும் என்று. நான்காம் நாள் மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். கேட்டதற்கு, “சார் எழுதிக்கீறாருக்கா, என் கையிலதான் இன்னாவோ கொறை” என்றார். ஆறு ஆண்டுகள் ஏணி மேல் நின்று துளை போட்ட ஒருத்தியைத் தன் கையையே சந்தேகப்பட வைத்துவிட்டது தங்கள் ஒரு வரி. பொதி கட்டும் பிரிவுக்குப் போனவர் யாரும் பொருத்துநர் பட்டியலுக்குத் திரும்பியதில்லை என்பதும் தங்களுக்குத் தெரியும்.

10. எனவே, யார் கையில் குறை என்று பார்த்துவிட முடிவு செய்தோம். 14.06.2025 சனிக்கிழமை, விடுமுறை நாளில், சங்க வளாகத்தில் சோதனை நடந்தது. எல்லோருக்கும் மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள ஒரே வகை ஆங்கிள். ஒவ்வொரு சுற்றுக்கும் ட்ரில் முனையில் புதிய ஆறு மில்லிமீட்டர் பிட். முழுதாக ஏற்றிய பேட்டரி, அது ஓயும் வரை துளைகள். முதல் அணித் தலைவர் திரு. வெங்கடேசன் தாமாக முன்வந்தார். சங்கத்திலேயே கை பலம் மிகுந்தவர் அவர் என்பதில் தங்களுக்கும் ஐயமிராது. வாயில் காவலர் திரு. அருணாச்சலம் துளைகளை எண்ணிச் சுண்ணக்கட்டியால் குறித்தார்.

11. திரு. வெங்கடேசன் தமது லித்தியம் ட்ரில்லால் போட்ட துளைகள் 142. அதே ட்ரில்லை, அதே பேட்டரியை மீண்டும் ஏற்றி, ஞானம்மாவிடம் கொடுத்தோம். 139. பாதி வழியில் அவர் சொன்னது: “இன்னாக்கா இது, அதுவே வேலை செய்யுது! நான் சும்மா புட்சுக்கினு நிக்கிறேன்.” மூன்று துளை குறைவு. அந்த மூன்று துளை அளவுக்கு எங்கள் கை பலம் போதாது என்று தாங்கள் எழுதினால், நால்வரும் கையெழுத்திடுகிறோம்.

12. பிறகு எங்கள் நிக்கல்-காட்மியம் பேட்டரிகளில் ஏழாம் எண். ஞானம்மா போட்டது 21 துளைகள். ஐந்து மணி நேரம் சார்ஜரில் ஓய்வெடுத்த பின், அதே பேட்டரியைத் திரு. வெங்கடேசன் வாங்கினார். 17. பதினெட்டாவதில் பிட் ஆங்கிளுக்குள் நின்றுவிட்டது. அவர் ட்ரில்லைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, இது பேட்டரியா செங்கல்லா? இத்த வெச்சுக்கினா இத்தினி மாசம் வேலை செஞ்சீங்கோ?” என்று கேட்டார். பத்து மாதங்களில் எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். தங்கள் அளவுகோலின்படி அவரையும் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்ற வேண்டிவரும். அவருக்கு மூன்று பிள்ளைகள் இருப்பதால், நாங்கள் அதை வலியுறுத்தவில்லை.

13. ஆகவே, பதிவேட்டிலிருந்து இரண்டாம் வாக்கியத்தை அடித்து, பக்கத்தில் தங்கள் கையொப்பமிட வேண்டுகிறோம். மூன்றாம் அணிக்கும் மற்ற அணிகளுக்குத் தந்த அதே லித்தியம் ட்ரில்களை வழங்க வேண்டுகிறோம். லித்தியத்துக்கு வெப்பம் ஆகாது என்பதால், அவற்றை வெயிலில் தகிக்கும் தகரக் கொட்டகையில் வைத்துக் கெடுக்க மாட்டோம் என்று இப்போதே உறுதி தருகிறோம். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளில் நச்சு உலோகம் இருப்பதால், குப்பையில் எறியாமல், மின்கழிவு சேகரிப்போரிடம் முறையாக ஒப்படைக்க வேண்டுகிறோம். வரிசையில் எது கடைசியானாலும் சரி, முதல் கோரிக்கை முதலில் நடக்கட்டும். ட்ரில் தாமதமானால் நாங்கள் பொறுத்துக்கொள்வோம். ஜோதிலட்சுமியின் மணிக்கட்டு அந்த வரியைப் படித்துக்கொண்டே ஆற முடியாது.

14. தாங்கள் இச்சோதனையை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் ஏழாம் எண் பேட்டரியை முழுதாக ஏற்றி, ட்ரில்லோடு தங்கள் மேசையில் வைத்திருக்கிறோம். ஆங்கிளும் பக்கத்தில் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு தாங்களே போட்டுப் பாருங்கள். எண்ணிக்கையை நாங்கள் கேட்க மாட்டோம். தாங்களே பதிவேட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

வீங்கிய ஒரு மணிக்கட்டும் நலமான ஏழு மணிக்கட்டுகளும் உடைய,

மு. குணசுந்தரி
ஜோதிலட்சுமி (இடக்கைக் கையொப்பம்)
ஞானம்மா
மோனிகா

இடம்: காக்களூர்
நாள்: 18.06.2025

இணைப்பு:
1. சோதனையில் துளையிட்ட ஆங்கிள்கள், சுண்ணக்கட்டிக் குறிகளுடன்.
2. ட்ரில் ஒன்று, ஏழாம் எண் பேட்டரியுடன்.
3. துளையிடாத ஆங்கிள் ஒன்று, புதிய பிட்டுடன்.
4. பணித்திறன் பதிவேட்டுப் படிவம் ஒன்று, கீழ்க்கண்டவாறு பாதி நிரப்பப்பட்டது:

பெயர்: தனி அலுவலர்
போட்ட துளைகள்: ............
கை பலம்: ............