இன்ஸ்பெக்டரம்மாவின் இருபத்திரண்டு அடி

மார்ச் 4, செவ்வாய்

சோபாவை ஜன்னலிலிருந்து எடுத்துக் கதவோரம் போட்டேன். மூன்று மாதமாக ஒரே இடத்தில் கிடந்தது, பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. அவர் பள்ளியிலிருந்து வந்து, பழைய நினைப்பில் ஜன்னலோரம் உட்காரப்போய்த் தரையில் உட்கார்ந்தார். "கடையில நாள் முழுக்க நகர்த்துறது போதாதா உனக்கு?" என்றார். போதாதுதான். பர்னிச்சர் கடையில் மாதிரி அறைகள் அமைப்பது என் வேலை. வீட்டில் அமைப்பது என் ஆசை. இருபத்திரண்டு வருடமாக அவர் முழங்காலில் தழும்புகளாக அது பதிவாகியிருக்கிறது.

சாயங்காலம் இன்ஸ்பெக்டரம்மா வழக்கம்போலப் பின்வாசல் வழியாக ரோந்து வந்தாள். ஹாலை ஒரு சுற்று, கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை, பிறகு தலையை ஆட்டிக்கொண்டே வெளியேறுவது. எட்டு வருடத்துக்கு முன் அவர் பள்ளி அறிவியல் வகுப்பில் முட்டையிலிருந்து பொரிந்த கோழிக்குஞ்சு. "ஆறே மாசம், அப்புறம் யாருக்காவது குடுத்துடலாம்" என்று சொல்லித்தான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். இன்று நேராகப் போய் சோபாக் காலில் தலையை இடித்துக்கொண்டாள். இடித்துவிட்டு, குற்றம் சோபாவுடையது என்பதுபோல் அங்கேயே நின்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எழுதும்போது சிரிப்பு வரவில்லை. சோபாக் கால் அவ்வளவு சின்னதா என்ன?

மார்ச் 6, வியாழன்

இடப்பக்கமாகக் குனிந்து தூக்கினேன். திருடன் பிடித்ததுபோல் கத்தினாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

மார்ச் 8, சனி

கால்நடை மருத்துவமனை. துணிப்பையில் உட்கார்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஜோராக வந்தாள். சின்ன வயது டாக்டரம்மா. விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை மேடம். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்குனு மட்டும் தெரியும். போகப்போக அதுவும் போயிடும்" என்றார்.

"ஆபரேஷன்?"

"இந்த வயசுல மயக்க மருந்தே தாங்காது. ஆனா கோழி கெட்டிக்காரி. பழகின இடம்னா கணக்கு வெச்சு நடந்துக்கும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். எதையும் நகர்த்தாதீங்க."

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கல்யாண நாளில்கூட அப்படி மலர்ந்ததில்லை. "டாக்டர், கொஞ்சம் சத்தமா இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் புதுச் சட்டங்கள். தொடுவதற்கு முன் "இன்ஸ்பெக்டரம்மா, நான்தான்" என்று குரல் கொடுக்கவேண்டும். தட்டில் தீனி போட்டதும் கரண்டியால் மூன்று தட்டு. பின்முற்றத்தில் வாளி, செருப்பு, துடைப்பம் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. விளையாட்டு ஆசிரியர் என்ற தோரணையில் அவர் விசில் ஊதிக் கூப்பிட்டார், நான் திட்டினேன். ஆனால் அவள் விசிலுக்குத்தான் ஓடி வருகிறாள். மானம் போகிறது.

மார்ச் 22, சனி

காலை முழுவதும் முற்றத்தில் உட்கார்ந்து அவளைக் கணக்கெடுத்தேன். பெட்டி (உடைந்த பீரோவின் இழுப்பறை, உள்ளே வைக்கோல்) சமையலறை வாசலுக்கு எதிர்ச்சுவரோரம். பெட்டியிலிருந்து இறங்கி இடப்பக்கம் திரும்பி இருபத்திரண்டு அடி வைத்தால் தண்ணீர்க் கிண்ணம். அங்கிருந்து துவைக்கிற கல்லை உரசிக்கொண்டு பதின்மூன்று அடி வைத்தால் தீனித் தட்டு. இருபத்திரண்டு என்றால் இருபத்திரண்டுதான். கிண்ணத்துக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்து, அலகை இறக்குகிறாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

எனக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறது, நான்தான் நேற்று கடையில் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

சோபாவைப் பார்த்தேன். நகர்த்தவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டுக்காரம்மா வந்தார். உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். மகள் குழந்தைகளோடு திரும்பி வருகிறாளாம், இனி இங்கேதானாம். "ஒம்பது வருஷத்துல ஒரு குறை சொல்ல முடியாது உங்கள. மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்க முடியுமாம்மா?" என்று கேட்டபோது அவருக்கே கண் கலங்கியது. எப்படிக் கோபப்படுவது? சரி என்று சொல்லி அனுப்பினேன்.

அனுப்பிவிட்டுப் பின்முற்றத்துக்குப் போனேன். அவள் பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 7, திங்கள்

டாக்டரம்மாவுக்குப் போன். வீடு மாறுவதைச் சொன்னேன். "புது இடத்துல மிரண்டு போய்த் தீனி எடுக்கலனா, இந்த வயசுக்கு நாலு நாளைக்கு மேல தாங்காது மேடம். முன்கூட்டியே சொல்லிடறேன்" என்றார்.

வீட்டுக்காரம்மா நல்ல மனதோடு, "இங்கயே விட்டுட்டுப் போங்களேன், பேரப் பசங்க பாத்துப்பாங்க" என்கிறார். பேரப் பசங்களில் சின்னவனுக்கு மூன்று வயது. வாலைப் பிடித்து இழுக்கிற வயது. ஆனாலும் அவளுக்குத் தெரிந்த இடம் இதுதானே? நம்மோடு வந்து பட்டினி கிடப்பதா, இங்கே இருந்து வால் பிய்வதா? நான் விட்டுப் போகலாமா? என்னால் முடியுமா?

முடியாது. அவரிடம் கேட்டேன். "ஆறே மாசம்னு சொன்னவன் நான். என்னைப் போய் கேக்குறியே" என்றார். அவராலும் முடியாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஐந்தாவது வீடு. வாசலில் நுழைந்ததும் நேராகப் பின்முற்றத்துக்குப் போய் அளவு டேப்பை நீட்டினேன். "மேடம், ஹாலைப் பாக்கலையா?" என்று தரகர் திகைத்தார். "அது இருக்கட்டும், அந்த முனையைப் பிடிங்க" என்றேன். நீளம் சரி, அகலத்தில் ஒரு சாண் கூடுதல். முடித்துவிட்டோம். சமையலறையில் அலமாரி இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் சொன்னார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இதில் பயப்பட என்ன இருக்கிறது? இது என் தொழில். தலைமைக் கடையில் இருக்கும் மாதிரி அறையைக் கிளைக்கடையில் அரைநாளில் அச்சு அசலாக எழுப்புகிறவள் நான். தலையணை எந்தப் பக்கம் சரிந்திருக்கவேண்டும் என்பதுவரை. பழைய முற்றத்தைக் காகிதத்தில் வரைந்து, ஒவ்வொரு பொருளுக்கும் நடுவே அங்குலம் குறித்தேன். துவைக்கிற கல்லுக்குப் பதிலாகச் செங்கல் அடுக்கிக்கொள்ளலாம். "ஒரு கோழிக்கு இவ்வளவு பெரிய பிளானா?" என்று கேட்டவர்தான், சத்தமில்லாமல் செங்கல்லுக்கு ஆள் சொல்லிவிட்டு வந்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

குடி வந்தாயிற்று. சமையலறைப் பாத்திரங்கள் இன்னும் மூட்டையில். முற்றம் மட்டும் தயார். புதுச் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். எதிர்ச்சுவரோரம் பெட்டி, அந்தந்த இடத்தில் கிண்ணம், கல், தட்டு. அடடா! அவரே ஏமாந்துபோய்ப் பழைய வீட்டில் கொடி இருந்த இடத்தில் துண்டை எடுக்கக் கையை நீட்டினார். கடையில் இப்படி ஒன்று அமைத்திருந்தால் படம் எடுத்து மாட்டியிருப்பார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா களைத்துப்போய்ப் பெட்டியிலேயே தூங்கிவிட்டாள். நாளைக்குப் பார்க்கலாம்.

ஏப்ரல் 28, திங்கள்

தப்பாகப் போகிறாள். பெட்டியிலிருந்து இறங்கி, எதிர்ப்பக்கம் நடந்து, மதிலோரம் நின்று வெறும் தரையைக் கொத்தினாள். மறுபடி கொத்தினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கிண்ணத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் அலகை இறுக மூடிக்கொள்கிறாள். கரண்டி தட்டினேன், விசில் ஊதச் சொன்னேன். தலையைத் தூக்கினாள், எழவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்றும் அதேதான். ஒரு மணிகூட உள்ளே போகவில்லை. அவர் பள்ளிக்குப் போகிற உடையோடு முற்றத்தில் சம்மணமிட்டு, சொட்டுச் சொட்டாக அலகில் தண்ணீர் விட்டார். நாலு சொட்டு இறங்கியது.

நான் டேப்பை எடுத்து மறுபடி எல்லாவற்றையும் அளந்தேன். ஒரு விரற்கடைகூடப் பிசகில்லை. "எல்லாம் சரியாத்தானேங்க வெச்சிருக்கேன்! அப்புறம் ஏன் இவ இப்படிப் பண்றா?" என்று கத்திவிட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "கடையில உன் ரூம்ல யாரும்மா குடியிருக்காங்க? வாசல்ல நின்னு பாக்குறவங்களுக்குத்தானே போடுறே. இவ உள்ள இருக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இருபத்திரண்டு வருஷம் முழங்கால்ல இடிச்சுக்கிட்டதுக்கு இப்பத்தான் பழி தீர்க்கணுமா? இங்க உயிர் போகுது...

நாலு நாள் என்றார் டாக்டரம்மா. இரண்டு போய்விட்டது.

ஏப்ரல் 30, புதன்

லீவு சொல்லிவிட்டேன். காலையில் டீயை எடுத்துக்கொண்டு போய், அடுக்கிய செங்கல் மேல், அவள் பெட்டியிலிருந்து பார்க்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்தேன். பழைய வீட்டில் துவைக்கிற கல்மேல் தினமும் அப்படித்தான் உட்காருவேன். உள்ள இருக்கா, உள்ள இருக்கா என்று அவர் சொன்னதே காதில். சரி, உள்ளேதான் இருந்து பார்ப்போமே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வலது கன்னம் சுட்டது.

டீ ஆறுகிறவரை அது ஏன் உறுத்துகிறது என்று தெரியவில்லை. பிறகு டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். பழைய வீட்டில் இடது கன்னம் அல்லவா சுடும்! அந்த வீட்டு வாசல் ஒரு திசை, இந்த வீட்டு வாசல் நேர் எதிர்த் திசை. அங்கே காலை வெயில் அவளுக்கு இடப்பக்கமாக வரும். வெளிச்சத்தைப் பார்த்து நடந்தால் தண்ணீர். இத்தனை வருடமும் அவள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறாள். டாக்டரம்மா முதல் நாளே சொன்னாரே, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும் என்று!

அவள் எழுந்து இறங்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். வலப்பக்கம், வெயிலைப் பார்த்து... இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. நின்றாள். தலையைச் சாய்த்தாள். வெறும் தரையைக் கொத்தினாள்.

அவளுக்கு ஒரு தப்பும் இல்லை. அடி மாறவில்லை, திசை மாறவில்லை. தப்புச் செய்தது நான். அழுதேன், பரவாயில்லை, யாரும் பார்க்கவில்லை.

"என்னங்க! சீக்கிரம் வாங்க, பெட்டியைப் பிடிங்க!" முற்றத்தை அப்படியே அரைவட்டம் திருப்பினோம். பெட்டி இப்போது சமையலறைச் சுவரோரம், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு. கதவு பாதிதான் திறக்கிறது. கிண்ணம் ஒரு மூலையில், செங்கல் நடுவழியில். வாசலிலிருந்து பார்த்தால் காயலான் கடை மாதிரி இருக்கிறது. கடையில் இப்படி வைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மே 1, வியாழன்

வெயில் வந்தது. இறங்கினாள். இடப்பக்கம் திரும்பினாள். இருபத்திரண்டு. குடித்தாள், குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள். செங்கல்லை உரசினாள். பதின்மூன்று. தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டாள்.

அவர் கதவின் பாதித் திறப்பில் உடம்பை நெளித்து வெளியே வந்து விசில் ஊதினார். ஊதட்டும்.

மே 11, ஞாயிறு

அவர் சொன்னது சரி என்று இன்று அவரிடம் சொன்னேன். "எது?" என்றார். தெரியாததுபோல் கேட்கிறார். மூன்று தடவை சொல்ல வைத்தார்.

ஜூலை 12, சனி

டாக்டரம்மா விளக்கை அடித்தார், இரண்டு கண்ணும் அசையவில்லை. வெளிச்சமும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்து பெட்டியில் விட்டோம். இறங்கினாள், வெளிச்சம் இல்லாமலே பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினாள், இருபத்திரண்டு வைத்தாள், குடித்தாள். எங்களுக்குத்தான் துக்கம், அவளுக்குத் தாகம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவர் பள்ளியிலிருந்து கிழிந்த வாலிபால் வலையைத் தைக்கக் கொண்டுவந்து, சுருட்டி, முற்றத்து மூலையில் போட்டிருந்தார். தரையில்! சட்டத்தை மீறி! கடையிலிருந்து வந்து அதைப் பார்த்ததும் வாயைத் திறந்துவிட்டேன். வலை "கொக்" என்றது.

நடுவில் இன்ஸ்பெக்டரம்மா. வலையை மிதித்துக் குழிசெய்து, எட்டு வருடமாக அங்கேயே குடியிருக்கிறவள்போல் உட்கார்ந்திருக்கிறாள். பெட்டி காலி. தூக்கிப் பெட்டியில் விட்டேன். எனக்கு முதுகைக் காட்டிவிட்டு நேராக வலைக்கே நடந்தாள்.

"பாத்தியா, உன் புத்தி அப்படியே இவளுக்கும் வந்திருக்கு" என்றார் அவர்.

ஆகஸ்ட் 23, சனி

ஆறு நாளாக வலைதான் வீடு. அங்கிருந்து தண்ணீருக்குப் பதினாறு அடி. முதல் நாள் ஒரு தடவை தப்பினாள், அதோடு சரி. அந்த இழுப்பறையை நான் எத்தனை அங்குலம் பார்த்து வைத்திருந்தேன்! பள்ளியில் வலை எங்கே என்று கேட்கிறார்களாம். காணாமல் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார், பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெட்டியை எடுத்துவிட்டதால் சமையலறைக் கதவு முழுதாகத் திறக்கிறது. அந்த உற்சாகத்தில் சோபாவை ஜன்னலோரம் தள்ளினேன். சாயங்காலம் இருவரும் அதில் இடித்துக்கொண்டார்கள். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு முனகினார். இன்ஸ்பெக்டரம்மா ஒரு கணம் நின்று, சோபாக் காலை ஒருமுறை கொத்திப் பார்த்து, சுற்றிக்கொண்டு ரோந்தைத் தொடர்ந்தாள்.