கோஸ்தானில் மேடேறிய அண்ணிக்கு

அண்ணி,

இன்று காலை ஒரு டயரைப் பார்த்து நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. உங்கள் கிள்ளான் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், கிரீஸ் துணிமேல் பொத்தென்று விழுந்தேன். அண்ணன் பதறிப்போய், "என்னம்மா, பிரஷரா?" என்றார். என்னைத் தூக்கலாமா, தன்னால் தூக்க முடியுமா என்று அவர் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது.

உங்கள் குவாட் வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். கேரி தீவில் யாரோ செம்பனைத் தோட்டத்துக்குள் ஓட்டக் கேட்கிறார்களாம். தோட்டத்து மண்ணுக்கு உங்கள் மணல் டயர் எதற்கு என்று பின்சக்கரம் இரண்டையும் கழற்றிக்கொண்டிருந்தோம். கழற்றியது அவர். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது நான். சக்கரத்தைச் சாய்த்ததும் ரவாங் மணல் ஒரு கைப்பிடி கொட்டியது. டயரின் பக்கவாட்டில், கடைக்காரர் மஞ்சள் மெழுகுக் குச்சியால் எழுதியது அழியாமல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் விழுந்தேன்.

"மொதல்ல இருந்து சொல்லு, ரேடியோ" என்பீர்கள். சொல்கிறேன்.

தோட்ட ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சுவர்க் கடிகாரத்தோடு வீட்டுக்கு வருவார்கள். நீங்கள் தோட்டம் கழித்துப்போட்ட குவாட் வண்டியை விலைக்கு வாங்கி, லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். அறுபது தாண்டிய மெதடிஸ்ட் பாடகர் குழு ஆன்டி, நாலு சக்கர மோட்டார் சைக்கிளில்! அந்தச் செய்தியைக் கிள்ளானிலிருந்து எங்கள் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோனது யார் என்று கேட்காதீர்கள். அன்றைக்குக் கம்யூட்டர் ரயில் எனக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

உங்களுக்கு ஒரே ஆசைதான். ரவாங் பக்கம் பழைய ஈயச் சுரங்கக்காரர்கள் கழுவிக் கொட்டிவிட்டுப் போன வெள்ளை மணல் மேடு. அதன் உச்சிக்கு ஒரு தடவை வண்டியில் ஏறிவிட வேண்டும். முதல் முறை தோட்டத்து டயரோடு போனோம். நாய் குழி பறிப்பதைப் போல வண்டி தனக்குத்தானே குழி பறித்து வயிறு வரைக்கும் புதைந்தது. அங்கே ஓட்டிக்கொண்டிருந்த மலாய்க்கார அண்ணன் ஒருவர் இழுத்துவிட்டு, மணலுக்குத் துடுப்பு டயர் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை கிள்ளானில் அந்த டயர் கடை. யாரோ சொல்லிவைத்து வாங்காமல் விட்ட இரண்டு ஜோடி அங்கே இருந்தன. வழவழப்பான டயர், குறுக்கே படகுத் துடுப்பைப் போல ரப்பர் பட்டைகள் நிமிர்ந்து நின்றன. ஒரு ஜோடியில் பத்துப் பத்து, இன்னொன்றில் எட்டு எட்டு. எனக்குப் பத்துதான் பிடித்தது. பார்க்க லட்சணமாக இருந்தது.

"அக்கா, இது பார்த்து வாங்குற சாமான் இல்ல லா" என்றார் கடைக்காரர். "துடுப்பு ஜாஸ்தியா இருந்தா மணல ஜாஸ்தி அள்ளும். ஆனா உங்க என்ஜின் சின்னது, சுத்த முடியாம செத்துடும். ஓட்டுற ஆளு கனமா இருந்தாத்தான் பத்து பத்தி யோசிக்கணும். யாரு ஓட்டப் போறது? எத்தன கிலோ?"

"நான்தான் பாஸ். அம்பத்து நாலு."

நான் சிரித்தேன். சாதாரணச் சிரிப்பா? பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "அண்ணி, ஒரு காலுக்கா?" என்றேன். எனக்குத் தெரிந்து கல்யாணப் புகைப்படத்திலேயே நீங்கள் அறுபது கிலோ.

நீங்கள் கோபிக்கவில்லை. என்னை ஒரு நிமிடம் பார்த்தீர்கள்.

"பின்னால யாரும் ஏறுவாங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அறுபத்தஞ்சு" என்றேன் நான்.

"எழுபத்தெட்டு, எழுதிக்குங்க பாஸ்" என்றீர்கள். "ஆனா இவ ஏற மாட்டா. இவ வாய் மட்டும்தான் ஏறும். எட்டே போதும்."

அவர் 54 என்று டயரில் எழுதி, நாம் கொண்டுபோயிருந்த ரிம்மில் மாட்டிக் கொடுத்தார். எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் என்று குழம்பக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் பெரிதாக ஒரு எழுத்தும் போட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றில் ஆங்கில 'கே'. இன்னொன்றிலும் 'கே'. கிரி என்றால் இடது, கானான் என்றால் வலது. மலாயில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே என்பது அந்த மனிதருக்கு அதுவரை தோன்றவேயில்லை போலிருக்கிறது.

அண்ணன் ரயில்வேயில் இருந்தவர், தெரியாது என்று சொல்கிற பழக்கம் கிடையாது. "மணலு பின்னால போகணும். அப்போ துடுப்போட குழி பின்னாலதான் பார்க்கணும்" என்று டயரின் மேல்பக்கத்தைப் பார்த்து மாட்டிவிட்டார். மணலைத் தொடுவது டயரின் கீழ்ப்பக்கம் என்பது மூன்று பேருக்குமே உறைக்கவில்லை. படித்த குடும்பம்.

மறுநாள் ஆராதனை முடிந்த கையோடு ரவாங். மேட்டடியில் ஆக்சிலேட்டரை அழுத்தினீர்கள். டயர் மணலைத் தடவிக்கொடுத்ததே தவிர ஏறவில்லை. "நான் அப்பவே பத்து வாங்கச் சொன்னேன்" என்று கத்தினேன். பின்பக்கமாக வெளியே எடுக்கலாம் என்று கோஸ்தான், அதாவது ரிவர்ஸ், போட்டீர்கள். வண்டி பின்பக்கமாக ஒரே பாய்ச்சல் பாய்ந்தது! நிறுத்தினீர்கள். யோசித்தீர்கள். பிறகு வண்டியைத் திருப்பி, அதன் முதுகை மேட்டுக்குக் காட்டி, மறுபடி கோஸ்தான் போட்டீர்கள்.

ஏறிவிட்டது அண்ணி. எட்டுத் துடுப்பும் மணலை அள்ளி அள்ளித் தள்ள, முனகல் இல்லாமல், நேராக உச்சி வரைக்கும் ஏறியது. ஓட்டுகிறவர் பின்னால் பார்க்க வேண்டாமா? நீங்கள் எங்களையே பார்த்துக்கொண்டு போனீர்கள். எங்களைப் பார்த்துச் சிரித்தபடியே தூரமாகிக்கொண்டு போனீர்கள். ஹெல்மெட் மட்டும் தலையில் கடகடவென்று ஆடியது. "அண்ணி, சைஸ் தப்பா வாங்கிட்டீங்க" என்று கீழேயிருந்து கூவினேன்.

அடுத்த வாரம் இடதை வலதாக்கிவிட்டு முன்பக்கமாகவே ஏறலாம் என்று பேசிக்கொண்டோம். அடுத்த வாரம் நீங்கள் மருத்துவமனையில் இருந்தீர்கள். அதன் பிறகு மூன்றே வாரம். வயிற்றில் கட்டி, எப்போதோ பரவிவிட்டது என்றார் டாக்டர். அண்ணனுக்குத் தெரியாது. பாடகர் குழுவுக்குத் தெரியாது. யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் தெரிந்த எனக்கும் தெரியாது.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட்டேன். "ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட ஒரு தடவ சொன்னேன். நீ சிரிச்சிட்டே" என்றீர்கள்.

மருந்து மயக்கத்தில் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். உங்களை அடக்கம் செய்த பிறகும் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்தேன். எப்போது சொன்னீர்கள், எப்போது சிரித்தேன்? நான் எதற்குத்தான் சிரிக்கவில்லை!

இன்று காலை டயரில் இருந்தது அந்த எண். 54.

நீங்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் கடையில் பொய் சொன்னது நான் மட்டும்தான்.

உங்கள் பாஜு குரோங் தொளதொளவென்று தொங்கியபோது "டெய்லர் பெரிசா தச்சிட்டான்" என்றீர்கள். நான் அதை நம்பி ஊரெல்லாம் சொல்லி, மூன்று பேர் அந்த டெய்லரிடம் போவதையே நிறுத்திவிட்டார்கள். மோதிரத்தில் நூல் சுற்றியிருந்தீர்கள். புது ஃபேஷனா என்று கேட்டேன். வண்டியே சாட்சி சொல்லியதே! எட்டுத் துடுப்போடு அந்தச் சின்ன என்ஜின் உங்களை இறகைப் போலத் தூக்கிக்கொண்டு போனதை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். உச்சி வரைக்கும் உங்கள் முகம் என்னைப் பார்த்தபடியே இருந்தது. எனக்குத் தெரிந்தது ஹெல்மெட்டின் சைஸ்.

கிரீஸ் துணியிலிருந்து நான் எழுந்ததும் அண்ணன் டயரைத் தட்டிக் கேட்டார். "அன்னைக்கே பார்த்தேன்மா. அது என்ன அம்பத்து நாலு? காத்து அளவா?"

வாய் திறந்தது. என் வாய் திறந்தால் தானாக மூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் ஒரே மேசையில் உங்களோடு சாப்பிட்டவர். அந்த எண் என்ன என்று தெரிந்தால், இனி ஒவ்வொரு வேளையும் எதிர் நாற்காலியைப் பார்த்து அவர் என்ன செய்வார்?

"ஆமாண்ணே. காத்து அளவுதான்" என்றேன்.

ஒரு செய்தி என்னிடம் வந்து என்னோடேயே நின்றது இதுதான் முதல் தடவை. அவர் நான் எழுதும் எதையும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சக்கரத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இடதா வலதா என்று தெரியாது, 'கே' என்று போட்டிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுவர, காரில் என் பக்கத்து இருக்கையில் வைத்தேன். கிளம்பியதுமே கார் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடு என்கிறது. அந்தக் கனம் அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஓரமாக நிறுத்தி, பெல்ட்டை இழுத்துப் போட்டுவிட்டேன், அண்ணி.