எண்ணூர் மடவையின் ஈரல்

என் ஆசை அண்ணாத்த,

நீ கண்ணை மூடிய பிறகும் நெட்டுக்குப்பத்தில் எதுவும் மாறவில்லை. முகத்துவாரத்தில் அனல்மின் கம்பெனியின் குழாய் வழியாகச் சாம்பல் தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் குழாயை மூடலாமா வேண்டாமா என்று போன வாரம் ஒரு கூட்டம் நடந்தது. கம்பெனி தரப்பில் ஒரு நிபுணர் வந்தார். குப்பித் தண்ணீரைத் தூக்கிக் காட்டி, "எவ்வளவு தெளிவு பாருங்க" என்றார். கடல் தண்ணீர் முகத்துவாரத்துக்குள் ஏறும் நேரமாகப் பார்த்து மொண்டால் தெளியாமல் என்ன செய்யும்? இதற்கு ஒரு படிப்பு, ஒரு டை, ஒரு கார்!

தண்ணீர் ஓடிவிடும். மீன் எங்கே ஓடும்? உடம்பில் ஏறிய விஷத்தை முறிக்க அதன் ஈரல் பாடுபடும், அப்போது அங்கே சில நொதிகள் கூடும். அதை அளப்பதுதான் காலேஜ் லேபில் என் வேலை. "ஈரல நோண்டவா உன்ன படிக்க வெச்சேன்?" என்று கிண்டல் செய்வாயே, அதேதான்.

கூட்டத்துக்கு முன்பு அண்ணியிடம் மடவை மீன் கேட்டிருந்தேன். செதில் சீவி, குடலும் ஈரலும் எடுத்து, மஞ்சள் போட்டு அலசிக் கொண்டுவந்தாள். "லேபுக்குப் போற மீன கலீஜா குட்த்தா நம்ம மானம் இன்னா ஆவறது?" என்றாள். ஈரல் காக்காய் வயிற்றில்! தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம், நீ இல்லையே என்று அழுதோம்.

மறுநாள் நானே படகேறினேன். உயிரோடு பிடித்த மீனை அங்கேயே அறுத்து ஈரலை ஐசில் வைத்தேன். தள்ளி, நல்ல கடலில் பிடித்த மடவையோடு ஒப்பிட்டால் நம் மீனின் ஈரல் நொதி கூடித் திணறிப்போயிருக்கிறது.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். அந்த டை கட்டிய துரை என் அறிக்கையைப் புரட்டக்கூட இல்லை. "நீங்க இந்தக் குப்பத்துப் பொண்ணு, ஆதங்கம் இருக்கத்தானே செய்யும்" என்றார். ஆதங்கமாம்! தூ!

அண்ணி எழுந்தாள். "சார், தண்ணி சுத்தம்னீங்களே, இன்னிக்கி நம்ம வூட்ல மடவக் கொழம்புதான். ஈரலோட ஆக்கித் தரேன், துன்னுட்டுப் போங்க."

வாட்ச்சைப் பார்த்தார். வேறு மீட்டிங் இருக்கிறதாம். ஓட்டமும் நடையுமாகக் காரில் ஏறினார். ஊரே கைதட்டிச் சிரித்தது. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

மத்தியானம் அந்தக் குழம்பை நாங்கள்தான் தின்றோம், அண்ணாத்த. வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

அடுத்த கூட்டத்துக்கும் ஈரலோடு போவேன். அந்தக் குழாயை மூடாமல் விடமாட்டேன், உன்மேல் சத்தியம்.

நீ வலை இழுத்துப் படிக்கவைத்த தங்கச்சி,
செல்வி