உன் வேகமான சவ்வு

இன்று மதியம் மின்சாரம் போனது. விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றதும் எழுந்துபோய் சன்னலைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்பது சாத்திய பிறகுதான் உறைத்தது. இந்தப் புழுக்கத்தில் விசிறியில்லாமல் சன்னலையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தவள் ராயபுரத்திலேயே நீ ஒருத்திதான். என்னோடு இந்த வீட்டில் குடியிருந்த சிநேகிதி நீ இறந்துபோய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

சிறுநீரகங்கள் ஓய்ந்துவிட்டன என்று தெரிந்தபோது, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினோடு படுக்க மாட்டேன் என்றாய். வேலை போய்விடும் என்பதுதான் உன் பயம். துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சரக்கு கிளியரிங் ஆபீசில் உன் மேசையை நீ யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வயிற்றில் குழாய் வைத்து, பையிலிருக்கும் சர்க்கரை கலந்த நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து ரத்தக் கழிவோடு வெளியே எடுக்கும் முறையை டாக்டர் சொன்னார். வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

நான் நம்பவில்லை. கன்டெய்னர் லாரிப் புழுதி பறக்கும் தெரு, ஒரு கிருமி போதும் என்றேன்.

“இன்னாடி டீச்சரு, கதவ சாத்திக்கினா புழுதி எப்டி வரும்?” என்றாய்.

அப்படித்தான் ஆரம்பித்தது. விசிறியை நிறுத்துவாய், சன்னலைச் சாத்துவாய், முகக்கவசம் கட்டி, முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் பையை மாட்டுவாய். வியர்வை சொட்டும்.

கல்லூரியில் வருடாவருடம் செல் சவ்வை வரைந்து பாடம் நடத்துகிறவள் நான். ஒருநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உனக்கும் வரைந்தேன். சவ்வில் ஒரு பம்ப் உண்டு, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் என்றேன்.

“மூணு அனுப்சி ரெண்டு வாங்குதா? எங்க மொதலாளி அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா அந்தப் பம்ப வேலைய வுட்டே தூக்கிடுவாரு.”

இரண்டாம் மாதம் உன் கால்கள் வீங்கின. பரிசோதித்துவிட்டு டாக்டர், உன் வயிற்றின் உட்சவ்வு வேகமானது என்றார். ரத்தத்திலுள்ள கழிவு சீக்கிரம் நீருக்குள் இறங்கிவிடுகிறது, அது நல்லது. ஆனால் நீரிலுள்ள சர்க்கரையும் அதே வேகத்தில் ரத்தத்துக்குள் போய்விடுகிறது. உடம்பில் மிஞ்சும் தண்ணீரை இழுப்பதே அந்தச் சர்க்கரைதான். அது போய்விட்டால் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். உன்னைப் போலவே உன் சவ்வும் எல்லாரையும் உடனே உள்ளே விட்டுவிடுகிறது என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். சவ்வுக்குக் குணமெல்லாம் கிடையாது. நான் சொல்லவில்லை.

நீரை அதிக நேரம் உள்ளே வைக்கக் கூடாது, பகலில் அடிக்கடி மாற்ற வேண்டும், இரவில் வயிறு காலியாக இருக்க வேண்டும். முடியாவிட்டால் மிஷின்தான் என்றார் டாக்டர். அடிக்கடி என்றால் ஆபீஸ் நேரத்திலும் ஒருமுறை. பஸ்ஸில் திரும்பும்போது, அது நடக்காது என்றேன்.

“நீ நடக்காதுன்னு சொல்லிக்கினே இரு. நான் அண்ணாச்சியாண்ட கேக்கறேன்.”

உன் முதலாளி தூத்துக்குடிக்காரர். நானும் கூட வந்தேன்.

“ஏம்மா, இது ஆபீஸா ஆஸ்பத்திரியா? பார்ட்டி வந்து கேட்டா என்னன்னு சொல்லுவேன்?”

“லஞ்சுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. அல்லாரும் வாயால துன்றாங்கோ, நான் நேரா வயித்துல ஊத்திக்கிறேன்.”

அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய், மிளகும் பருப்பும் சாம்பிள் பைகளில் அடுக்கியிருந்த சின்ன அறையைத் திறந்து பார்த்தார். “இதுல ஒரே தூசியால்லா இருக்கு,” என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் நாம் போனபோது அறை காலியாகியிருந்தது. வெள்ளையடித்து, மூலையில் கை கழுவ பேசின் வைத்திருந்தார்கள். நீ வாசலிலேயே நின்றாய். பிறகு உள்ளே போய் பேசின் குழாயைத் திறந்து பார்த்தாய்.

கால் வீக்கம் வடிந்தது. நடுவில் ஒருமுறை, வெளியே வந்த நீர் கலங்கியிருந்தது; நான் பயந்த அந்தக் கிருமிதான். பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினாய், மருந்தில் சரியானது. கடைசியில் நின்றுபோனது உன் இதயம். அதற்கு முந்தின நாளும் நீ ஆபீசுக்குப் போயிருந்தாய்.

போன மாதம் என் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவளுடைய அப்பாவுக்கும் இதே குழாய் வைக்கப் போகிறார்களாம். “இனிமே ஆட்டோ ஓட்ட முடியாதுன்னு வீட்ல அல்லாரும் சொல்றாங்க மேடம். அப்பா பேசவே மாட்டேங்கறாரு.”

கஷ்டம்தான் என்பது வாய்வரை வந்தது. உன்னைத் தெரியாதவளாக இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

“மத்தியானம் வண்டிய எங்க நிறுத்துவாரு?” என்று கேட்டேன்.

“பஸ் டிப்போ பக்கத்துல மேடம். அங்க எங்க அத்தை வீடு கீது.”

“அத்தை வீட்ல கதவு சாத்துற மாதிரி ஒரு ரூம் இருக்கா?”

அவள் யோசித்தாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, என் எதிரிலேயே அத்தையைக் கூப்பிட்டாள்.